மொட்டைமாடியில் தொடங்கும் மின்கட்டணம்

சென்னையின் மேற்குப் புறநகரில், வேலப்பன்சாவடிக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் இடையே உள்ள நூம்பலில் குளிர்காலத்துக்காக வீட்டைச் சூடேற்ற வேண்டிய தேவை எந்தக் குடும்பத்துக்கும் இல்லை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். அது 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது. இப்போதைய தை மாதத்து இரவுகள் சராசரியாக 21 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே இவ்வூரில் குளிர்காலச் சூடேற்றம் என்பது குளியலறையோடு முடிந்துபோகிற செலவாகும். 25 டிகிரியில் உள்ள 15 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும் என்பதால், நால்வர் கொண்ட குடும்பம் நாளுக்கு நான்கு முறை கீசரைப் பயன்படுத்தினாலும் இரண்டு மாதத்தில் 85 யூனிட்டைத் தாண்டுவதில்லை.

லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜனவரி மாதம் எப்படியோ, நூம்பல் குடும்பத்துக்குச் சித்திரையும் வைகாசியும் அப்படி. அங்கே வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் வெளியே ஓடிவிடாமல் தடுப்பதற்குச் செலவு செய்கிறார்கள். இங்கே வெளியே இருக்கும் வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதற்குச் செலவு செய்ய வேண்டும். இயற்பியல் ஒன்றே, வெப்பம் ஓடும் திசைதான் வேறு. கட்டடப் பொறியாளர்கள் இதை அளப்பதற்கு ‘டிகிரி நாள்’ என்றொரு அளவைக் கையாளுகின்றனர். ஏறத்தாழ 18 டிகிரியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலை அதற்கு எத்தனை டிகிரி கீழே போகிறது அல்லது மேலே போகிறது என்று கணக்கிட்டு ஆண்டு முழுவதற்கும் கூட்டினால், சூடேற்றும் தேவையும் குளிர்விக்கும் தேவையும் தனித்தனி எண்களாகக் கிடைக்கும். சென்னைக்கு முதல் எண் நடைமுறையில் சுழியம். இரண்டாவது எண் 3,500க்கும் மேல். கோடையோடு ஆவணியும் புரட்டாசியும் இக்கணக்கில் சேர்கின்றன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

நூம்பல் கடற்கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருப்பதால், மயிலாப்பூரிலும் அடையாறிலும் நண்பகலை ஒட்டித் தொடங்கிவிடும் கடற்காற்று இங்கு வந்து சேரத் தாமதமாகிறது. மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று வலுவாக இருக்கும் நாள்களில் அது வராமலே போவதும் உண்டு. அக்கினி நட்சத்திரக் காலம் எனப் பஞ்சாங்கம் குறிக்கும் மே மாதத்து நாள்களில் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் நகரின் நடுப்பகுதியைவிடக் கூடுதலாகக் காய்வதற்கு இதுவே முதன்மைக் காரணம். வயல்களாக இருந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, அரை கிரவுண்டிலும் முக்கால் கிரவுண்டிலும் சுவரோடு சுவர் ஒட்டிய காங்கிரீட் வீடுகள் எழுந்துவிட்டதும், மரங்கள் வீதியோரத்துக்கு ஒதுங்கிவிட்டதும் அடுத்த காரணங்கள்.

இந்த வெப்பம் பணமாக மாறும் இடம் மின்வாரியத்தின் கட்டணப் பட்டியல். தமிழ்நாட்டில் வீட்டு மின்பயன்பாடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2.35 ரூபாயும், 201 முதல் 400 வரை 4.70 ரூபாயும், 401 முதல் 500 வரை 6.30 ரூபாயும் கணக்கிடப்படும். 500ஐத் தாண்டியதும் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்கின்றன: 101 முதல் 200 வரை கிடைத்த 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோய் அந்த நூறு யூனிட்டும் 4.70 ரூபாய் ஆகிறது. தாண்டிய யூனிட்டுகளுக்கு 8.40, 9.45, 10.50, 11.55 என்று படிப்படியாக விலை ஏறுகிறது. இதனால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் செலுத்தும் வீடு, ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் ஏறக்குறைய 2,048 ரூபாய் செலுத்த வேண்டியதாகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

ஏசி இல்லாத மாதங்களில் 400 யூனிட் செலவிடும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், அதன் கட்டணம் 1,175 ரூபாய். கோடையில் படுக்கையறை ஏசி ஒன்று இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடி, சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், அறுபது நாளில் 480 யூனிட் கூடுகிறது. மொத்தம் 880 யூனிட், கட்டணம் 5,610 ரூபாய். பயன்பாடு இரு மடங்கைச் சற்றே தாண்டியிருக்க, கட்டணமோ ஏறக்குறைய ஐந்து மடங்கை எட்டிவிடுகிறது. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே வீடு ஏதோ ஒரு வகையில் 100 யூனிட்டைக் குறைத்துக்கொண்டால் கட்டணம் 4,581 ரூபாய்க்கு இறங்கும்; மிச்சம் ஆயிரம் ரூபாய்க்கும் மேல். தை மாசியில் அதே 100 யூனிட்டை மிச்சப்படுத்தினால் கிடைப்பது 470 ரூபாய்தான். சிக்கனம் என்பது ஆண்டு முழுவதும் விளக்கை அணைத்துக்கொண்டிருப்பதைவிட, கோடையின் உச்ச வாரங்களில் ஏசி சுமக்கும் பாரத்தைக் குறைப்பதிலேயே மிகுதியும் அடங்கியிருக்கிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

அந்தப் பாரத்தின் பெரும்பகுதி மேலிருந்து வருகிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. குளிர்நாடுகளில் தாழ்ந்து வரும் வெயில் சுவரிலும் சன்னலிலும் படுகிறது. இங்கே அது மொட்டைமாடியில் கொட்டுகிறது. தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 900 வாட்டுக்குக் குறையாத ஆற்றலைக் கொண்டுவருவதால், 600 சதுர அடி மாடி ஒன்றின் மேல் அந்த நேரத்தில் விழும் ஆற்றல் ஏறக்குறைய 50 கிலோவாட், அதாவது ஒரே நேரத்தில் இருபத்தைந்து கீசர்கள் எரிவதற்குச் சமம். பாசி படிந்து கருத்த பழைய காங்கிரீட் இதில் கால்பங்கையோ சற்றுக் கூடுதலாகவோ மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மீதியை விழுங்கிக்கொண்டு, தொட்டால் கால் பொறுக்காத 60 டிகிரி வரை சூடாகிறது. அச்சூட்டில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிட, எஞ்சியது தளத்தின் வழியே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது.

மெல்ல என்ற சொல்லுக்கு இங்கே அழுத்தம் உண்டு. காங்கிரீட் வெப்பத்தைக் கடத்தும் பொருள் மட்டுமல்ல, சேமித்து வைக்கும் பொருளும் ஆகும். ஐந்து அங்குலத் தளத்தின் மேற்பரப்பில் நண்பகலில் ஏறிய சூடு அடிப்பரப்பை எட்டச் சில மணி நேரம் பிடிக்கிறது. வெளியே பொழுது சாய்ந்து காற்றுக் குளிரத் தொடங்கும் வேளையில்தான் கூரையின் உட்புறம் தன் உச்சச் சூட்டை அடைந்து, அறைக்குள் இருப்போர் மீது கதிர்வீச்சாக வெப்பத்தைப் பொழிகிறது. கதிர்வீச்சு என்பது காற்றின் துணையின்றி ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்கு நேரே தாவும் வெப்பம். மாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மின்விசிறி அனல் காற்றை அள்ளி வீசுவதாகத் தோன்றுவதன் விளக்கம் இதுதான். விசிறிக்கு மேலே உள்ள தளம் உலை மூடியாக இருக்கையில், விசிறி செய்யக்கூடியது சிறிதே. ஏசி ஓடினாலும், அது முதலில் அறைக் காற்றோடு அல்ல, இந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது.

முன்னோர் இச்சிக்கலை அறியாதவர்கள் அல்லர். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற பழைய கூரையில், தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கை இட்டு, உச்சியில் தட்டோடு பதித்தார்கள். சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்ந்தன. பிற்காலத்தில் உத்தரம் போய்க் காங்கிரீட் தளம் வந்தபோதும், செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு அடுக்கும் தட்டோடும் நெடுங்காலம் தொடர்ந்தன. நுண்துளைகள் நிறைந்த செங்கல் ஜல்லி, காற்றைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பதால், காங்கிரீட்டைவிட மிகக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. ஆட்கூலியும் நாள் கணக்கும் கூடுதலாகப் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு, தளத்தின் மேல் ஒரு சிமெண்டுப் பூச்சோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் புறநகர் மனைகளில் பரவியபோது, கட்டுபவர் மிச்சப்படுத்திய தொகை குடியிருப்பவரின் மின்கட்டணத்தில் ஆண்டுதோறும் வட்டியோடு வசூலாகத் தொடங்கியது.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் அந்த அடுக்கை மீண்டும் போடுவது பெருஞ்செலவு என்பதோடு, பழைய தளம் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்க வேண்டியும் வரும். அதைவிட எளியதும் மலிவானதும் வெள்ளைப் பூச்சு. புதிதாக அடித்த நல்ல வெண்பூச்சு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். கடையில் கிடைக்கும் குளிர்கூரைப் பூச்சுகள் முதல், நீர்த்த சுண்ணாம்போடு பசையும் வெள்ளை சிமெண்டும் கலந்து கொத்தனார்கள் அடித்துத் தரும் கலவை வரை இதில் பல தரங்கள் உண்டு. நீடித்து உழைப்பதில்தான் அவை பெரிதும் வேறுபடுகின்றன. சுண்ணாம்புக் கலவையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் படிந்த பாசியைத் தேய்த்துக் கழுவி, தளம் நன்றாக உலர்ந்தபின் மாசி பங்குனியில் பூசுவதே முறை. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் லாரிப் புழுதி வெண்மையை விரைவில் மங்கச் செய்துவிடுவதால், கோடையின் நடுவே ஒருமுறை மாடியைக் கழுவிவிடுவதும் பயன்தரும். ஏப்ரல் வெயில் சுட்டபின் பூச்சுக்கு ஆள் தேடுவோரே பெரும்பான்மை என்பது வேறு கதை.

அம்பத்தூரில் உள்ள பெருந்தலைவர் காமராசர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தமிழ்நாடு அரசு குளிர்கூரைத் திட்டத்தைச் சோதனை முறையில் செய்துபார்த்தது. அதன் தொடர்ச்சியாக அரசுப் பள்ளிகளின் கூரைகளுக்கு இத்திட்டத்தை விரிவுபடுத்தும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. இப்பணிகளை முன்னின்று நடத்திய சுற்றுச்சூழல் துறைச் செயலர் சுப்ரியா சாகுவுக்கு 2025இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘பூமியின் காவலர்’ விருது கிடைத்தது. தெலங்கானா 2023இலேயே குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசுக் கூரைகளில் நடக்கும் இவ்வேலை தனியார் வீடுகளின் மொட்டைமாடிக்கு இன்னும் பரவலாக வந்து சேரவில்லை.

வெண்பூச்சைவிடவும் ஒருபடி மேலானது நிழல். மாடிக்கு மேலே இடைவெளி விட்டுப் போடும் கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ வெயிலைத் தளத்தில் படவே விடாது. இடையில் காற்று ஓடுவதால் பந்தலின் சூடும் கீழே இறங்குவதில்லை. தகரக் கூரை போட்டால், அதன் அடிப்புறமே சூடேறிக் கதிர்வீச்சைக் கீழே அனுப்பும் என்பதால் பயன் சற்றுக் குறைவு. ஆனாலும் வெறுந்தளத்தைவிட நன்று. கீற்றுக்குத் தீ அச்சமும், வலைக்குக் காற்று அச்சமும் உண்டு. சூரியமின் பலகைகளும் இந்த வகையில் சேர்பவையே: மின்சாரம் தருவதோடு தம் அடியில் உள்ள தளத்துக்கு நிழலும் தருகின்றன. ஒரு கிலோவாட் பலகைக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி வெயில்படும் இடம் வேண்டும். அது சென்னையில் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. 8 ரூபாய்க்கு மேல் யூனிட் வாங்கும் வீடுகளுக்குத்தான் இதில் முதலீடு விரைவாகத் திரும்பும்.

சுவர்களைப் பொறுத்தவரை, ஒட்டிக் கட்டிய வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல் தந்துகொள்கின்றன. நெரிசலுக்கு இப்படியொரு ஆதாயமும் இருக்கிறது. தொல்லை தருவது மேற்குப் பார்த்த சுவரும் சன்னலும். பிற்பகலில் சூரியன் தாழ்ந்து வருவதால், ஒன்றரை அடி சன்ஷேடு அந்த வெயிலை மறைக்காது. கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரைச்சீலையும் போதாது, ஏனெனில் வெயில் கண்ணாடியைக் கடந்து திரையில் பட்டுச் சூடான பிறகு அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மூங்கில் தட்டியையோ வெட்டிவேர்த் தட்டியையோ சன்னலுக்கு வெளியே தொங்கவிடுவதும், இடமுள்ள வீடுகளில் மேற்கே ஒரு புங்கனோ வேம்போ வளர்ப்பதும் இதற்குச் சரியான தீர்வுகள். பகலில் சன்னலை மூடி, வெளிக்காற்றுக் குளிர்ந்தபின் இரவில் திறந்து வைப்பது நூல்கள் சொல்லும் நல்ல வழி. ஆனால் கூவம் ஆற்றுக்கு அண்மையில் உள்ள ஊரில் கொசுவலை அடிக்காத சன்னலை இரவில் திறக்கச் சொல்லும் அறிவுரையை யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே எல்லாச் சன்னல்களுக்கும் வலை அடிப்பதை மின்சிக்கனச் செலவாகவே கருத வேண்டும்.

காற்றுக் கூலர்களைப் பற்றி ஒரு சொல். நீர் ஆவியாகும்போது சூழலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்ற அடிப்படையில் இயங்கும் இக்கருவி, வறண்ட வடஇந்தியக் கோடைக்கு உகந்தது. ஈரப்பதம் மிகுந்த சென்னைக் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாததால், பல நாள்களில் அது அறையின் புழுக்கத்தைக் கூட்டுவதோடு சரி.

மின்விசிறி அப்படியல்ல. அது அறையைக் குளிர்விப்பதில்லை. தோலின் மேல் வியர்வையை ஆற்றி, இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தருகிறது. பழைய விசிறி 75 வாட் எடுக்க, பிஎல்டிசி எனப்படும், மோட்டாரை மின்னணு முறையில் இயக்கும் புதிய வகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். மூன்று விசிறிகளை மாற்றும் வீடு மேலே கண்ட ஆயிரம் ரூபாய் மிச்சத்தைக் கிட்டத்தட்ட இதிலேயே எட்டிவிடும். இந்திய மக்களுக்கு எந்த வெப்பநிலை இதமாக இருக்கிறது என்று சென்னை உட்பட ஐந்து நகரங்களில் நடந்த கள ஆய்வு, வெப்பத்துக்குப் பழகியவர்கள் மேலைநாட்டுத் தர அளவுகள் கருதியதைவிடக் கூடிய வெப்பநிலையிலும் இதமாக இருக்கிறார்கள் எனக் கண்டது. 26 அல்லது 27 டிகிரியில் ஏசியை வைத்து, மேலே விசிறியை மெதுவாகச் சுழலவிடும் வீட்டுக்கு இந்த ஆய்வு துணை நிற்கிறது. ஒவ்வொரு டிகிரியை உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணிப்பு. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயல்பாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. அதை 18க்கு இறக்குவது அறையை விரைவில் குளிரவைக்காது, நெடுநேரம் ஓடவைக்கும்.

ஏசி வாங்கும்போது கேட்கப்படும் ‘டன்’ கணக்கும் விளக்கம் வேண்டுவது. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகத்தில், அதாவது 3.5 கிலோவாட் அளவில், வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க மெரினாவில் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம், பனிக்கட்டியால் குளிர்வித்த காலத்தின் சாட்சியாகச் சென்னையிலேயே நிற்கிறது. ஏசி குளிரை உண்டாக்குவதோ வெப்பத்தை அழிப்பதோ இல்லை. உள்ளிருந்து வெளியே இறைக்கிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரம் கொண்டு நான்கு யூனிட் வெப்பத்தை அதனால் இறைக்க முடிகிறது. நட்சத்திரச் சீட்டில் உள்ள ஐசீர் என்ற எண் குறிப்பது ஏறக்குறைய இந்த விகிதத்தையே. நட்சத்திரங்களுக்கான வரம்பு அவ்வப்போது உயர்த்தப்படுவதால், வெவ்வேறு ஆண்டுகளில் வந்த கருவிகளை நட்சத்திரத்தைப் பார்த்து ஒப்பிடாமல் இந்த எண்ணைப் பார்த்து ஒப்பிட வேண்டும். வெள்ளை பூசாத மாடிக்குக் கீழே ஒன்றரை டன் தேவைப்படும் அறைக்கு, பூசிய பிறகு ஒரு டன் போதுமானதாகிவிடக்கூடும். எனவே பூச்சு முதலில், ஏசி பிறகு என்ற வரிசை கருவியின் விலையிலேயே ஆதாயம் தரும்.

இவ்வளவும் சொந்த வீட்டுக்காரருக்கு எளிது. நூம்பல் போன்ற ஊர்களில் மேல்மாடியில் இருப்பவர் பெரும்பாலும் வாடகைதாரர். மின்கட்டணம் அவருடையது, மொட்டைமாடி வீட்டுக்காரருடையது. பூச்சுக்குச் செலவு செய்பவருக்கு அதன் பயன் கிடைப்பதில்லை, பயன் பெறுபவருக்குச் செலவு செய்யும் உரிமை இல்லை. துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலையாக வசூலிக்கும் வீடுகளில் வாடகைதாரருக்கு இலவச 100 யூனிட்டின் பயனும் முழுதாகச் சேர்வதில்லை. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வேளையில் மாடிப் பூச்சையும் கொசுவலையையும் பேச்சில் சேர்ப்பது இரு தரப்புக்கும் கட்டுப்படியாகும் வழி. பூச்சு தளத்தில் விரிசலும் நீர்க்கசிவும் ஏற்படுவதைத் தாமதப்படுத்துவதால் வீட்டுக்காரருக்கும் அதில் ஒரு லாபம் உண்டு. புது வீடுகளுக்கான விதியோ இவ்வூரின் சிறு மனைகளைத் தொடவில்லை. கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு மேல்வரம்பு விதித்து ஒன்றிய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற கட்டட நெறி, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென எழுதப்பட்டது. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். அரை கிரவுண்டில் எழும் நூம்பல் வீட்டின் கூரையில் தட்டோடு வேண்டுமா, வெறும் சிமெண்டுப் பூச்சு போதுமா என்பதை இன்றும் கட்டுபவரின் மதிப்பீட்டுச் சீட்டே தீர்மானிக்கிறது.